எடை குறைந்த பின் சளி அடிக்கடி பிடிக்குமா?

எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மூன்றாம் மாதமோ நான்காம் மாதமோ மறுபரிசோதனைக்கு வரும்போது, எடைக் கருவியில் ஏறி இறங்கிய மகிழ்ச்சி அடங்கும் முன்பே ஒரு கேள்வியைக் கேட்கின்றனர். "டாக்டர், எடை நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் மாதம் தவறாமல் சளி பிடிக்கிறதே, எடையோடு சேர்ந்து எதிர்ப்புச் சக்தியும் குறைந்துவிட்டதா?" உடன் வந்த தாயாரோ மாமியாரோ, "அப்போதே சொன்னேன், நல்லா இருந்த உடம்பை வெட்ட வேண்டாம் என்று" என முணுமுணுப்பதும் உண்டு.

இக்கேள்வியை நாங்கள் சிறிய கேள்வியாகக் கருதுவதில்லை. இதற்குள் இரண்டு அச்சங்கள் இருக்கின்றன. ஒன்று, செய்துகொண்ட சிகிச்சை தவறானதோ என்ற அச்சம். இதைப் பெரும்பாலும் போக்கிவிடலாம். மற்றொன்று, உடலில் வேறேதோ நடக்கிறதோ என்ற அச்சம். இதை எப்போதும் செவிமடுத்துக் கேட்க வேண்டும். இக்கட்டுரையில் இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

சளி எத்தனை முறை பிடிப்பது இயல்பு?

சளிக்கும் மூக்கொழுகலுக்கும் காரணமான வைரஸ்கள் 200க்கும் மேற்பட்டவை. அவற்றுள் ரைனோ வைரஸ் என்னும் இனமே முதன்மையானது. ஒரு வைரஸுக்கு எதிராக உடல் பயிற்சி பெற்றாலும் மற்றொன்று காத்திருக்கும். ஆகவே நல்ல உடல்நலம் உள்ள பெரியவருக்கும் ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறை சளி பிடிப்பது இயல்பு. பள்ளி செல்லும் சிறு குழந்தை உள்ள வீட்டில் இந்த எண்ணிக்கை இன்னும் கூடும். ஒவ்வொரு சளியும் ஏழு முதல் பத்து நாள் நீடிக்கும். இருமல் மட்டும் சிலருக்கு மூன்று வாரம் வரை இழுக்கும். இரண்டு சளிகள் அடுத்தடுத்து வந்தால், இரண்டு மாதமாக விடாத ஒரே சளி போலத் தோன்றும்.

அறுவை சிகிச்சைக்குப் பின்னர் இன்னொன்றும் நிகழ்கிறது. நோயாளர் தம் உடலை முன்னெப்போதும் இல்லாத அளவு கூர்ந்து கவனிக்கத் தொடங்குகிறார். உண்ட கவளம், குடித்த நீர், நடந்த தூரம் எனக் குறித்துக்கொண்டே வரும்போது தும்மலும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. எனவே நாங்கள் முதலில் கேட்பது, "சிகிச்சைக்கு முந்தைய ஆண்டில் எத்தனை முறை சளி பிடித்தது?" என்பதையே. பலரால் உடனே சொல்ல முடிவதில்லை. வீட்டார் யோசித்துப் பார்த்து, "அப்போதும் இப்படித்தான், இதைவிட மோசமாகக்கூட இருந்தது" என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறோம்.

உடற்பருமனும் சுவாசத் தொற்றும்

கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. இன்று அது ஓயாது வேதிப்பொருள்களைச் சுரக்கும் உறுப்பு என அறிவோம். அளவுக்கு மீறிய கொழுப்பு, உடல் முழுவதும் மெல்லிய அழற்சியை எந்நேரமும் நிலைநிறுத்துகிறது. எதிர்ப்பு அணுக்கள் தேவையின்றி எப்போதும் பாதி விழித்த நிலையில் இருப்பதால், உண்மையான கிருமி நுழையும்போது அவற்றின் எதிர்வினை தாமதமாகவும் ஒழுங்கின்றியும் அமைகிறது. வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளுவதால் நுரையீரலின் அடிப்பகுதி முழுமையாக விரிவதில்லை. அங்கே தேங்கும் சளியை இருமி வெளியேற்றுவதும் கடினமாகிறது. பலருக்கு உறக்கத்தில் மூச்சுத் தடை, நீரிழிவு, ஆஸ்துமா ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன.

2009ஆம் ஆண்டு பன்றிக் காய்ச்சல் உலகெங்கும் பரவியபோது, கடுமையான நோய்நிலைக்கு உடற்பருமன் தனித்த ஓர் ஆபத்துக் காரணி என்பது முதன்முறையாகத் தெளிவாக உணரப்பட்டது. நிகராகுவா நாட்டின் மனாகுவா நகரில் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, இன்ஃப்ளூயன்சா ஏ தொற்றின் அறிகுறிகள் கண்ட பெரியவர்களுள் பருமனானவர்கள் மற்றவர்களைவிட 42 விழுக்காடு கூடுதலான காலம் வைரஸை வெளியேற்றினர் எனக் கண்டது. வீட்டில் உள்ள மற்றவர்களுக்குத் தொற்றும் காலமும் அதற்கேற்ப நீளக்கூடும் என்பது இதன் பொருள்.

அறுவை சிகிச்சை எதை மாற்றுகிறது?

வைரஸ் நுழைவது மூக்கு வழியாக. நாம் மாற்றி அமைப்பது இரைப்பையை. அலுவலகத்திலும் பேருந்திலும் திருமண மண்டபத்திலும் அருகில் இருப்பவர் தும்மினால், எடை குறைந்தவர் மூக்கிலும் வைரஸ் அதே வழியில்தான் நுழையும். ஆகவே அறுவை சிகிச்சைக்குப் பின் சளியே பிடிக்காது என்று எதிர்பார்க்க முடியாது. தொற்று எத்தனை முறை வருகிறது என்பதைக் காட்டிலும், வந்தபின் அது எவ்வளவு கடுமையாகிறது என்பதில்தான் பெரிய மாற்றம் தெரிகிறது.

கோவிட் காலத்தில் இதைத் தெளிவாகக் காண முடிந்தது. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் மருத்துவர்கள் 2021 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், முன்னரே எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 5,053 பேரையும், அதைச் செய்துகொள்ளாத உடற்பருமன் கொண்ட 15,159 பேரையும் ஒப்பிட்டனர். தொற்று ஏற்பட்டோர் விகிதம் இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒன்றே: சிகிச்சை செய்துகொண்டோரில் 9.1 விழுக்காடு, மற்றவரில் 8.7 விழுக்காடு. ஆயினும் தொற்றுக்குப் பின் மருத்துவமனையில் சேரும் ஆபத்து சிகிச்சை செய்துகொண்டோரிடம் 49 விழுக்காடு குறைவு. ஆக்சிஜன் தேவைப்படும் ஆபத்து 63 விழுக்காடு குறைவு. இது கவனித்துப் பதிந்த ஆய்வே. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை ஆகாது. எனினும் இத்தனை பேரிடம் கண்ட வேறுபாட்டை நாங்கள் புறந்தள்ளுவதில்லை. ஆஸ்துமா உள்ள பருமனான நோயாளர்கள், எடை குறைந்த பின் ஆஸ்துமா முற்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவதோ மருத்துவமனையில் சேர்வதோ ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை மற்றோர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆஸ்துமா உள்ளவருக்குச் சாதாரணச் சளியே மூச்சுத்திணறலைத் தூண்டும் என்பதால் இது சிறிய நன்மையன்று.

அப்படியாயின், "குடலை மாற்றினால் எதிர்ப்புச் சக்தி போய்விடும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதற்குப் பழைய வரலாறு ஒன்று உண்டு. 1950களில் தொடங்கிய முதல் வகை அறுவை சிகிச்சையில் சிறுகுடலின் பெரும்பகுதியை உணவுப் பாதையிலிருந்து விலக்கிவிட்டனர். எடை குறைந்தது, ஆனால் சத்துகள் உடலில் சேராமல் போயின, கல்லீரல் கெட்டது, விலக்கிய குடலில் கிருமிகள் பெருகின. அம்முறை பின்னர் கைவிடப்பட்டது. 1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன், இட்டோ ஆகியோர் இரைப்பை பைபாஸ் முறையைத் தொடங்கினர். இன்று செய்யப்படும் பைபாஸ் அதன் வழிவந்தது. இரைப்பையை ஒடுக்கும் ஸ்லீவ் முறையில் குடலைத் தொடுவதே இல்லை. பழைய அச்சம் இன்றைய சிகிச்சைக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அதிலிருந்து கற்ற பாடம் பொருந்தும்: சத்து குறைந்தால் எதிர்ப்பாற்றலும் குறையும்.

முதல் ஆண்டில் கவனிக்க வேண்டியது

எதிர்ப்பு அணுக்களும் அவை உருவாக்கும் எதிர்ப்பொருள்களும் புரதத்தால் ஆனவை. சிகிச்சைக்குப் பின் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. சிறுத்த இரைப்பைக்குள் இதைக் கொண்டு சேர்ப்பது எளிதன்று. உடம்புக்கு முடியாதவருக்குக் கஞ்சி, இட்லி, ரசம் சாதம் கொடுப்பது நம் வீடுகளின் அன்பான வழக்கம். அவை தொண்டையில் எளிதாக இறங்கும். ஆனால் வயிறு அரிசியால் நிறைந்துவிட, புரதத்துக்கு இடமிராது. சளி அடிக்கடி பிடிப்பதாகச் சொல்பவரின் உணவுக் குறிப்பேட்டைப் பார்த்தால், பல நேரங்களில் நாள் முழுவதும் 30 கிராம் புரதம்கூடத் தேறுவதில்லை.

கணக்கு கடினமானதன்று. இரண்டு முட்டையில் 12 கிராம். 75 கிராம் மீனில் 15 கிராம். அரைக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 6 கிராம். ஒரு குவளை பால் அல்லது தயிரில் 6 கிராம். 50 கிராம் பனீரில் 9 கிராம். கூட்டினால் 48. எஞ்சியதை உணவியல் நிபுணர் பரிந்துரைக்கும் புரதப் பொடி ஈடுசெய்யும். சைவ உணவினர் மீனுக்கும் முட்டைக்கும் மாற்றாக சோயா, பருப்பு, பனீர் ஆகியவற்றின் அளவைக் கூட்டிக்கொள்ளலாம். எந்த வேளையிலும் முதலில் புரதம், பிறகு காய்கறி, வயிற்றில் இடமிருந்தால் சோறு என்ற வரிசையை மறவாதீர்கள்.

வைட்டமின், தாது மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தேவை. "ஆறு மாதமாயிற்று, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று பலர் அவற்றை நிறுத்துகின்றனர். உடலின் சேமிப்பு தீரும்வரை ஒன்றும் தெரியாது. பி12 சேமிப்பு தீரச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டு உட்கொள்ளுங்கள்; ஒன்றாக விழுங்கினால் ஒன்று மற்றதன் உறிஞ்சலைத் தடுக்கும். காபி, தேநீருடன் இரும்பு மாத்திரை வேண்டாம்.

சளிக்கு அஞ்சி மருந்துக் கடையில் துத்தநாகமும் வைட்டமின் சியும் தாமாக வாங்கி, மாதக்கணக்கில் கூடுதலாக உட்கொள்வோரும் உள்ளனர். இது பயன் தராததோடு தீங்கும் செய்யலாம். துத்தநாகம் மிகுந்தால் தாமிரம் உடலில் சேராது. தாமிரம் குறைந்தால் வெள்ளை அணுக்கள் குறையும். எதைத் தடுக்க மாத்திரை விழுங்கினாரோ அதற்கே வழி திறந்தவர் ஆகிறார். பைபாஸ் செய்துகொண்டவர்களுக்குச் சிறுநீரகக் கல் உருவாகும் வாய்ப்பு முன்பே சற்று மிகுதி. வைட்டமின் சி பெருமளவில் சேர்ந்தால் அது மேலும் கூடும். இரத்தப் பரிசோதனை காட்டும் குறைபாட்டுக்கு மட்டுமே கூடுதல் மாத்திரை தேவை.

உறக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உடல்நலம் உள்ள 164 பேரின் உறக்க நேரத்தைக் கருவியால் அளந்தபின், அவர்கள் மூக்கில் சளி வைரஸைத் துளியாக விட்டனர். ஏழு மணி நேரத்துக்கு மேல் உறங்கியவரைவிட, ஆறு மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கியவருக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது. எந்த மாத்திரையும் தராத பாதுகாப்பு இது.

குளிர்வது வேறு, சளி வேறு

"எப்போதும் குளிர்கிறது, சளி பிடிக்கப்போகிறது என்று நினைக்கிறேன்" என்று சொல்லி, சித்திரை வெயிலிலும் சால்வை போர்த்தி வருபவர்கள் உண்டு. இது சளியின் அறிகுறியன்று. தோலுக்கு அடியில் போர்வையாக இருந்த கொழுப்பு குறைந்துவிட்டது. உணவு குறைந்ததால் உடல் உண்டாக்கும் வெப்பமும் குறைந்துவிட்டது. பெரும்பாலோருக்கு எடை நிலைபெற்ற பின் இவ்வுணர்வு தணியும். இங்கிலாந்தின் சாலிஸ்பரி அருகே 1946 முதல் 1990 வரை இயங்கிய சளி ஆய்வு மையத்தில், தன்னார்வலர்களைக் குளிர்ந்த காற்றிலும் ஈர உடையிலும் நிற்க வைத்துப் பார்த்தனர். குளிர்ந்ததால் மட்டும் அவர்களுக்குக் கூடுதலாகச் சளி பிடிக்கவில்லை.

ஆயினும் குளிரோடு களைப்பு, படியேறினால் மூச்சு வாங்குதல், முகம் வெளிறுதல் ஆகியவை சேர்ந்தால் இரத்தசோகையாக இருக்கலாம். தைராய்டு குறைபாட்டையும் பார்க்க வேண்டும். காய்ச்சலுக்கு முன் நடுக்கத்துடன் வரும் குளிர் முற்றிலும் வேறு. அதற்கு உடனே வெப்பமானியை எடுங்கள்.

சளி பிடித்தால் என்ன செய்யலாம், எதைத் தவிர்க்கலாம்?

முதல் கவலை நீர். மூக்கடைத்து வாய் வழியாக மூச்சு விடும்போது உணவும் நீரும் இறங்காது. பெரிய இரைப்பை உள்ளவர் ஒரே மூச்சில் ஒரு சொம்பு நீர் குடித்து ஈடுசெய்துகொள்வார்; உங்களால் அது இயலாது. எனவே சளி பிடித்த நாள்களில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு மிடறு எனக் கணக்கு வைத்து, நாளொன்றுக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர் உள்ளே செல்லும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் நீர் போதவில்லை என்று பொருள்.

வெதுவெதுப்பான நீர், தெளிந்த ரசம், மிளகு சேர்த்த கோழி சூப், பருப்புத் தண்ணீர் ஆகியவை நல்லவை. உப்பு நீரால் தொண்டையைக் கொப்பளிப்பதும், மருந்துக் கடையில் கிடைக்கும் உப்பு நீர்த் துளிகளை மூக்கில் விடுவதும் இதம் தரும். ஆனால் பனங்கற்கண்டு சேர்த்த மிளகுப் பால், கருப்பட்டி போட்ட சுக்குக் காபி, தேன் குழைத்த மருந்து ஆகியவற்றில் எச்சரிக்கை தேவை. பைபாஸ் செய்துகொண்டவரின் குடலுக்குள் இனிப்பு விரைந்து இறங்கும்போது படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, மயக்கம், வயிற்றுப்போக்கு ஆகியவை ஏற்படும். இதை டம்பிங் என்கிறோம். இருமல் டானிக்குகளிலும் சர்க்கரை மிகுதி. சர்க்கரையற்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். மிளகுப் பாலை இனிப்பின்றிக் குடித்தால் பாட்டியின் கைவைத்தியத்துக்கும் குறைவு வராது.

உடல்வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும்; உங்கள் கோப்பில் நாங்கள் எழுதித் தந்த அளவை மீறாதீர்கள். "சளி மாத்திரை" என்று தரப்படும் பலவற்றில் பாராசிட்டமால் முன்பே சேர்ந்திருக்கும். அதோடு தனியாக இன்னொன்று விழுங்கினால் அளவு இரட்டிப்பாகும். மூக்கடைப்பை நீக்கும் மருந்துகள் சிலருக்கு இரத்த அழுத்தத்தைக் கூட்டும். தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மருந்துகள், உறக்கத்தில் மூச்சுத் தடை உள்ளவருக்கு உகந்தவை அல்ல.

மிக முக்கியமான எச்சரிக்கை இது: இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்ற வலி நிவாரணிகளை, குறிப்பாக பைபாஸ் செய்துகொண்டவர்கள், எங்களைக் கேளாமல் உட்கொள்ளாதீர்கள். இரைப்பையும் குடலும் இணைக்கப்பட்ட இடத்தில் அவை புண்ணை உண்டாக்கும். புண் இரத்தம் கசியலாம், துளைபடவும் செய்யலாம். இதய நோய்க்காக ஆஸ்பிரின் எழுதித் தரப்பட்டவர்கள் அதைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம், எங்களிடம் பேசுங்கள். மருந்துக் கடையில் முதலில் சொல்ல வேண்டிய சொல், "எனக்கு இரைப்பை அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது" என்பதே.

நீரிழிவுக்காக டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்கள், சாப்பிடவோ குடிக்கவோ முடியாத அளவு நோயுற்றால் அன்றே எங்களை அழையுங்கள். அந்நாள்களில் அம்மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. அது வைரஸைக் கொல்லாது, வயிற்றுப்போக்கைத் தரும்.

சளி என்று எண்ணி இருந்துவிடக் கூடாதவை

எங்களிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வயதை நெருங்கியவர், நீரிழிவு உண்டு, பைபாஸ் செய்து ஐந்தாம் மாதம். எடை எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்கியிருந்தது. நாங்கள் பாராட்டினோம், அவரும் மகிழ்ந்தார். விடைபெறும் நேரத்தில் அவர் இருமியதைக் கேட்டு, எங்கள் செவிலியர், "எத்தனை நாளாக இருமல்?" என்று கேட்டார். "சளிதான் சிஸ்டர், மாறி மாறி வருகிறது" என்றார் அவர். அருகில் நின்ற மனைவி தயங்கித் தயங்கி, "ஐந்து வாரமாகிறது. சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது. ராத்திரி தலையணை உறை நனைந்துவிடுகிறது" என்றார். மூன்று முறை மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்கியிருந்தனர். அன்றே மார்புப் படமும் சளிப் பரிசோதனையும் செய்தோம். காசநோய்.

இருமலோடு எடை குறைகிறது என்றால் வேறு எவரையும் உடனே பரிசோதித்திருப்போம். இவருக்கு எடை குறைவதை வீடும் கொண்டாடியது, நாங்களும் கொண்டாடினோம். சிகிச்சையால் குறைந்த எடை எது, நோயால் குறைந்த எடை எது என்பதை எடைக் கருவி சொல்லாது. நீரிழிவும் சத்துக் குறைவும் காசநோய்க்கு வழி வகுப்பவை. நம் நாட்டில் அந்நோய் இன்னும் பரவலாக உள்ளது. அவர் ஆறு மாதம் மருந்து உட்கொண்டு முழுமையாகக் குணமடைந்தார். குடலமைப்பு மாறியிருந்ததால் மருந்து உடலில் போதிய அளவு சேர்கிறதா என்பதையும் இடையிடையே கவனித்தோம். அன்று முதல் எங்கள் பிரிவில் வழக்கமொன்றை மாற்றிக்கொண்டோம்: எடைக் கருவியில் ஏறும் முன்பே, இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா என்று ஒவ்வொருவரையும் கேட்கிறோம்.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் எவருக்கு இருந்தாலும் சளிப் பரிசோதனை வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவே செய்யப்படுகிறது.

இவையன்றி, கீழ்க்கண்டவற்றையும் சளி என்று எண்ணி வீட்டில் காத்திருக்க வேண்டாம்:

- சிகிச்சை முடிந்த முதல் சில வாரங்களில் காய்ச்சல், ஓய்விலும் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120ஐத் தாண்டுதல், வயிற்றிலோ இடது தோளிலோ வலி. தையலிட்ட இடத்தில் கசிவு இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு வரவும்.
- திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம். நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்திருக்கலாம். ஆம்புலன்ஸை அழையுங்கள்.
- நாள் கணக்கில் வாந்தி. அதன்பின் பார்வை இரட்டையாகத் தெரிதல், நடை தள்ளாடுதல், குழப்பமான பேச்சு. வைட்டமின் பி1 தீர்ந்துபோனதன் அடையாளம். தாமதித்தால் மூளையில் நிலையான பாதிப்பு ஏற்படும்.
- படுத்தால் மட்டும் வரும் வறட்டு இருமல், காலையில் கரகரத்த குரல், வாயில் புளிப்பு. ஸ்லீவ் செய்துகொண்டவர்களிடம் அமிலம் மேலெழுவதால் இது நேரலாம். அடுத்த மறுபரிசோதனைக்குக் காத்திராமல் தெரிவியுங்கள்.
- மூன்று நாளுக்கு மேல் விடாத காய்ச்சல், அல்லது குறைந்த காய்ச்சல் மீண்டும் ஏறுதல்.

தடுப்பூசி

இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி சாதாரணச் சளியைத் தடுக்காது. நுரையீரலைத் தாக்கும் கடும் ஃப்ளூ காய்ச்சலிலிருந்து காக்கும். "குடலை மாற்றிய பின் தடுப்பூசி வேலை செய்யுமா?" என்று சிலர் ஐயுறுகின்றனர். ஊசி தசையில் போடப்படுகிறது. அதற்கும் குடலின் உறிஞ்சலுக்கும் தொடர்பில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் போட்டுக்கொள்வது நம் பகுதிக்கு ஏற்றது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகப் போட்டுக்கொண்டால் எதிர்ப்பாற்றல் உருவாக அவகாசம் கிடைக்கும். நீரிழிவு, ஆஸ்துமா உள்ளவர்களும் 65 வயதைக் கடந்தவர்களும் நியுமோகாக்கல் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். அறுவை சிகிச்சை நாளன்று சளியோ காய்ச்சலோ இருந்தால் மறைக்காதீர்கள்; மயக்க மருந்து நிபுணர் சில வாரம் தள்ளிவைப்பது உங்கள் பாதுகாப்புக்காகவே.

வீட்டாருக்கு

நோயாளரின் முதல் மருத்துவர் அவருடன் ஒரே வீட்டில் வாழ்பவரே. மேலே சொன்ன நோயாளரின் காய்ச்சலை நாங்கள் அறிந்தது அவர் மனைவி சொல்லித்தான். ஆகவே மறுபரிசோதனைக்கு வரும்போது நீங்களும் உள்ளே வந்து அமருங்கள். நீங்கள் கண்டதைத் தயங்காமல் சொல்லுங்கள். வீட்டில் ஒருவருக்குச் சளி என்றால் அனைவரும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதும், இருமுபவர் முகக்கவசம் அணிவதும் போதுமான காப்பு. சிகிச்சை செய்துகொண்டவரைத் தனி அறையில் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. அவர் தட்டில் புரதம் இருக்கிறதா, மாத்திரைப் பெட்டி அந்தந்த நாளில் காலியாகிறதா என்று பாருங்கள். "உடம்பை வெட்டிக்கொண்டதால் வந்த வினை" என்ற சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அச்சொல்லுக்கு அஞ்சியே பலர் இருமலை மறைக்கின்றனர்.

ஒரு சிறு குறிப்பேட்டில் சளி தொடங்கிய நாள், முடிந்த நாள், காய்ச்சல் இருந்ததா, என்ன மருந்து உட்கொண்டீர்கள் என்று எழுதி வாருங்கள். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை வந்து பத்து நாளில் தாமே போகும் சளி என்றால், உங்கள் சிகிச்சையில் தவறில்லை. உங்கள் எதிர்ப்பாற்றலிலும் குறையில்லை. அதற்கு மேல் என்றால், அல்லது இரண்டு வாரம் கடந்தும் இருமல் விடவில்லை என்றால், அடுத்த தேதிக்குக் காத்திராமல் வாருங்கள். இரத்தப் பரிசோதனையும் உணவுக் கணக்கும் பார்த்துக் காரணத்தைக் கண்டறிவோம். இருமலைப் பற்றி நீங்களாகச் சொல்ல மறந்தாலும், எடை பார்க்கும் முன் நாங்கள் கேட்போம்.